‘சன்ரைஸ்’ படம் வருமுன் எதைப் படிப்பது, எதைப் பார்ப்பது?

சுசான் காலின்ஸின் ‘சன்ரைஸ் ஆன் தி ரீப்பிங்’ நாவல் 2025 மார்ச் 18 அன்று வெளியானது. படம் 2026 நவம்பர் 20 அன்று திரைக்கு வரும் என்று லயன்ஸ்கேட் அறிவித்திருக்கிறது. இயக்கம் பிரான்சிஸ் லாரன்ஸ், திரைக்கதை பில்லி ரே. கேபிட்டல் என்ற தலைநகர அரசு ஆண்டுதோறும் தன் மாவட்டங்களின் பிள்ளைகளைக் களத்தில் இறக்கி, ஒருவர் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் கொல்ல வைக்கும் விளையாட்டைச் சொல்லும் கதை வரிசை ‘ஹங்கர் கேம்ஸ்’. அதில் இது ஐந்தாவது நூல், ஆனால் ஆறாவது படம். மூன்றாவது நூலான ‘மாக்கிங்ஜே’யை இரண்டு படங்களாக உடைத்ததால் வந்த கணக்கு இது.

படித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டுப் படிப்பதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. இந்தப் படத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், படத்துக்கு முன் படிக்க வேண்டியது புதிய நாவல் அல்ல. 2009-ல் வந்த இரண்டாம் நூலான ‘கேச்சிங் ஃபயர்’தான். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறோம்.

‘சன்ரைஸ்’ எப்படி முடிகிறது என்பதை இங்கே உடைக்கவில்லை. அதன் நாயகன் ஹேமிச் உயிரோடு மீள்கிறான் என்பது 2012-ல் முதல் படம் பார்த்த எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் மூன்று நூல்களின் நாயகியான கேட்னிஸுக்கு வழிகாட்டியாக வரும் குடிகாரன் அவன். பழைய நூல்கள், படங்கள் பற்றிய விவரங்கள் மட்டும் வரும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

நேரம். ‘சன்ரைஸ்’ ஏறக்குறைய 400 பக்கம். ஆங்கிலத்தில் மணிக்கு 30 பக்கம் ஓடுபவருக்குச் சுமார் 13 மணி நேரம் ஆகும். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 20 பக்கமாக நகர்பவருக்கு 20 மணி நேரம். இதுவரை வந்த ஐந்து படங்களின் மொத்த நீளம் 705 நிமிடம், அதாவது 11 மணி 45 நிமிடம். இந்த ஒரு நாவலின் ஒலிநூல் அதைவிட நீளம்.

எந்த அதிர்ச்சியைக் காப்பாற்ற வேண்டும். யார் பிழைப்பான் என்பது இந்தக் கதையில் ரகசியமே இல்லை. அவன் எப்படி மீண்டான், அப்போது உண்மையில் நடந்தது என்ன, நாட்டு மக்களுக்குத் திரையில் காட்டப்பட்டது என்ன என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது.

உள்குரல். கேட்னிஸின் மூன்று நூல்களும் ‘சன்ரைஸ்’ நாவலும் ‘நான்’ என்று தன்மையில், நிகழ்காலத்தில் சொல்லப்படுபவை. திரையில் அந்தக் குரல் இருக்காது. 2012 படம் அந்த இடத்தை, விளையாட்டை இயக்குபவர்களின் கட்டுப்பாட்டு அறைக் காட்சிகளால் நிரப்பியது. நூலில் கேட்னிஸுக்குத் தெரியாத எதுவும் நமக்கும் தெரியாது. படத்தில் தெரியும். இரண்டும் வேறு வேறு அனுபவம்.

முகங்கள். இந்த வரிசையில் ஒரே பாத்திரத்துக்கு இரண்டு, மூன்று முகங்கள் சேர்ந்துவிட்டன. ஹேமிச் என்றாலே வுடி ஹாரெல்சன்தான் நினைவுக்கு வருவார். இளம் ஹேமிச்சாக நடிப்பவர் ஜோசப் சாடா. அந்த நாட்டின் அதிபராகும் ஸ்நோவை டொனால்ட் சதர்லேண்டும் டாம் பிளைத்தும் செய்தாயிற்று, இப்போது ரால்ஃப் ஃபைன்ஸ். உங்கள் மனத்தில் ஒரு முகம் உருவாக வேண்டும் என்று நினைத்தால், விளம்பரங்கள் பெருகுவதற்குள் படித்தால்தான் உண்டு.

வரிசை. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கதை நடக்கும் கால வரிசையில் பார்த்தால் முதலில் 10-ஆவது விளையாட்டைச் சொல்லும் ‘பேலட்’ (‘தி பேலட் ஆஃப் சாங்பேர்ட்ஸ் அண்ட் ஸ்நேக்ஸ்’), பிறகு 50-ஆவதைச் சொல்லும் ‘சன்ரைஸ்’, கடைசியில் 74-ஆவதில் தொடங்கும் கேட்னிஸின் முத்தொகுதி. அப்படிப் படிப்பதே முறை என்று தோன்றும். படிக்காதீர்கள். ‘சன்ரைஸ்’ நாவலின் கடைசிப் பக்கங்கள், முத்தொகுதியின் கதையெல்லாம் முடிந்த பிறகான காலத்தில் நடக்கின்றன. கேட்னிஸின் கதை தெரியாமல் அங்கே போனால் மூன்று நூல்களின் முடிவும் இரண்டே பக்கத்தில் வெளிப்பட்டுவிடும்.

| வழி | நேரம் | கிடைப்பது | போவது |
|---|---|---|---|
| ‘சன்ரைஸ்’ நாவல் முதலில் | 13–20 மணி | ஹேமிச்சின் உள்குரல், சொந்தக் கற்பனை | திரையில் முதல்முறை காணும் பதைபதைப்பு |
| ஐந்து நூல்களும் வெளிவந்த வரிசையில் | ஒலிநூலாக 60 மணிக்கு மேல் | எல்லாமே | நேரம்; பாதியில் நின்றுபோகும் ஆபத்து |
| ஐந்து படங்கள் மட்டும் | 11 மணி 45 நிமிடம் | முகங்கள், இடங்கள், பாடல்கள் | படங்கள் விட்டுவிட்ட இரண்டு முக்கியத் தகவல்கள் |
| எதுவும் இல்லாமல் திரையரங்குக்கு | 0 | முழுப் புதுமை | பாதி அர்த்தம் |
| முதல் படம் + ‘கேச்சிங் ஃபயர்’ நூல் + ‘பேலட்’ படம் | நூலை ஒலிநூலாகக் கேட்டால் சுமார் 16 மணி | படத்துக்குத் தேவையான அடித்தளம், புதிய கதையின் அதிர்ச்சி | ‘பேலட்’ நூலில் உள்ள ஸ்நோவின் மனம் |

## ‘சன்ரைஸ்’ நாவலைப் படித்துவிட்டுப் போவது

நாவல் ஒன்பது ஒன்பது அத்தியாயங்களாக மூன்று பாகம், இறுதியில் ஒரு பின்னுரை. நாளுக்கு ஒரு அத்தியாயம் என்று வைத்தால் நான்கு வாரம், தினமும் அரை மணி முதல் முக்கால் மணி நேரம்தான். வாக்கியங்கள் சின்னவை. ஆங்கில நாவல் படித்துப் பழகாதவர்களும் துணிந்து தொடங்கலாம்.

தடுமாற வைப்பவை சில சொற்கள்தான், அவற்றை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ‘ட்ரிப்யூட்’ என்பதற்கு அகராதி முதலில் ‘அஞ்சலி’ என்று காட்டும். இங்கே பொருள் அதன் பழைய அர்த்தமான கப்பம். தோற்ற நாடு வென்றவனுக்குச் செலுத்தும் கப்பம், பணமாக இல்லாமல் பிள்ளைகளாக. ‘ரீப்பிங்’ என்றால் அறுவடை. கப்பமாகப் போகும் பிள்ளைகளின் பெயர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கும் நாளுக்குத்தான் அந்தப் பெயர். ‘மட்’ என்பது ஆய்வுக்கூடத்தில் மரபணு மாற்றி உருவாக்கிய விலங்கு. ‘குவெல்’ என்பது 25 ஆண்டுக்கு ஒருமுறை விதியை இன்னும் கொடுமையாக்கி நடத்தும் விளையாட்டு. 50-ஆவது விளையாட்டு இரண்டாவது குவெல். வழக்கமாக மாவட்டத்துக்கு இருவர் போவார்கள்; அந்த ஆண்டு நால்வர், மொத்தம் 48 பேர். குலுக்கல் நடக்கும் நாள் ஹேமிச்சின் பதினாறாவது பிறந்தநாளும்கூட.

நாவல் முழுக்க எட்கர் ஆலன் போ 1845-ல் வெளியிட்ட ‘தி ரேவன்’ கவிதை ஊடாடுகிறது. ஹேமிச்சின் காதலி லெனோர் டவ்வின் பெயரே அதிலிருந்து வந்ததுதான். அவள் பிறந்த கோவி என்ற பாடகர் குடும்பத்தில் முதல் பெயரைக் கதைப்பாடலிலிருந்தும் இரண்டாம் பெயரை ஒரு நிறத்திலிருந்தும் எடுத்து வைப்பார்கள். கவிதை 18 பத்தி, 108 வரி. ஆங்கிலம் பழையது, ஒரே மூச்சில் புரியாது. நாவலின் கடைசி அத்தியாயங்களில் அதன் வரிகள் வந்து விழும்போது நின்று பொருள் தேடினால் அந்த இடத்தின் வேகமே போய்விடும். அதனால் கவிதையை முதலில் தனியாக ஒருமுறை வாசித்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் போதும். காப்புரிமை முடிந்த படைப்பு, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த வழியில் வெளியே தெரியாத செலவு ஒன்று இருக்கிறது. நாவலை முடித்த மறுநாளே படத்துக்குப் போனால், கண் படத்தைப் பார்க்காது, விட்டுப்போனதைக் கணக்கெடுக்கும். இந்த வரிசையில் மிக நீளமான ‘பேலட்’ படமே 157 நிமிடம்தான். அதன் ஒலிநூலோ 16 மணி நேரத்துக்கு மேல். அந்த நாவலின் மூன்றாம் பாகத்தைப் படம் எவ்வளவு அவசரமாகக் கடந்தது என்பது இரண்டையும் அறிந்தவர்களுக்குத் தெரியும். ‘மாக்கிங்ஜே’யை இரண்டு படமாகப் பிரித்ததற்காக 2023-ல் லாரன்ஸே வருத்தம் தெரிவித்தார். ‘பேலட்’ நாவலை ஒரே படத்தில் அடக்கினார், இதுவும் ஒரே படம்தான். ஆக, வெட்டு நிச்சயம். படித்து முடிப்பதற்கும் படத்துக்கும் இடையில் மூன்று வாரமாவது விடுங்கள். சின்ன விவரங்கள் மங்கி, கதை மட்டும் மனத்தில் நிற்கும்.

இன்னொன்று, இந்த நாவலின் கடைசிப் பகுதி மனத்தைப் பிழிந்துவிடும். வரிசையிலேயே மிகக் கனமான பகுதி அதுதான் என்பது எங்கள் கருத்து. அதை ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை தாங்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது சரி: முத்தொகுதியை ஏற்கனவே நூலாகப் படித்தவர்களுக்கு. அவர்கள் யோசிக்கவே வேண்டாம், இன்றே தொடங்கலாம்.

## ஐந்து நூல்களையும் படிப்பது

இதைவிட நல்ல வழி கிடையாது, நேரம் இருந்தால். 2000 பக்கத்துக்குக் கொஞ்சம் மேல். வெளிவந்த வரிசையில் படியுங்கள்: 2008, 2009, 2010, 2020, 2025.

நான்காவதாக வரும் ‘பேலட்’ நூலில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். 500 பக்கத்தைத் தாண்டும் அந்த நூல் மட்டும் படர்க்கையில் எழுதப்பட்டது, நடையும் மெதுவானது, நாயகன் 18 வயது ஸ்நோ. கேட்னிஸின் வேகத்துக்குப் பழகிய மனம் அங்கே சலித்துப்போகும். அங்கே நின்றுபோனால் நூலைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். ‘சன்ரைஸ்’ நாவலைத் தள்ளிப்போடாதீர்கள்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. மூன்று நூல், நான்கு நூல் அடங்கிய பெட்டிகள் இன்னும் விற்பனையில் இருக்கின்றன. ‘முழுத் தொகுப்பு’ என்று பட்டியலில் போட்டிருந்தாலும் நான்கு நூல் பெட்டியில் ‘சன்ரைஸ்’ இருக்காது. படத்தில் புத்தக முதுகுகளை எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

## ஐந்து படங்களை மட்டும் மறுபடி பார்ப்பது

வார இறுதிகள் இரண்டில் முடிந்துவிடும். பழைய முகங்கள் நினைவுக்கு வரும்: பீட்டீ, வயரெஸ், மேக்ஸ், புளூட்டார்க் ஆகிய நால்வரும் ‘கேச்சிங் ஃபயர்’ படத்தில் அறிமுகமானவர்கள், நால்வரும் ‘சன்ரைஸ்’ கதையில் 25 வயது இளையவர்களாக வருகிறார்கள். ஒரே ஒரு பழைய படத்துக்குத்தான் பொழுது என்றால் அதைப் பாருங்கள்.

ஆனால் படங்கள் இரண்டு விஷயங்களை வெட்டிவிட்டன. இரண்டுமே ‘சன்ரைஸ்’ கதையின் வேர்கள்.

முதலாவது, ஒரு காணொளிப் பதிவு. ‘கேச்சிங் ஃபயர்’ நூலின் நடுப்பகுதியில், மறுபடி களத்துக்குப் போகும் ரயிலில், கேட்னிஸும் அவளோடு முன்பு களம் கண்ட பீட்டாவும் 50-ஆவது விளையாட்டின் பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள். சில பக்கங்கள்தான். பச்சைப் புல்வெளி, கொள்ளை அழகாகப் பூக்கள், நீலவானம், தலைக்கு மேல் பாடும் பறவைகள். களத்தில் இறங்கிய பிள்ளைகள் ஒரு நொடி வாய்பிளந்து நின்றுவிடுகிறார்கள். பிறகு தெரிகிறது, ஓடைத் தண்ணீர் விஷம், பழம் விஷம், கிட்டப் போய் முகர்ந்தால் பூவின் மணமும் விஷம். அந்தப் பதிவில் ஹேமிச் எப்படி வென்றான் என்பது தெளிவாகவே இருக்கிறது. நாமும் கேட்னிஸோடு சேர்ந்து நம்பிவிட்டோம். 2013-ல் வந்த படத்தில் இந்தக் காட்சியே கிடையாது.

பதினாறு ஆண்டு கழித்து ‘சன்ரைஸ்’ அதே நாட்களை ஹேமிச்சின் வாயால் சொல்கிறது. நாம் பார்த்தது கேபிட்டல் வெட்டி ஒட்டிய பதிப்பு. எந்த நிமிடத்தை எடுத்தார்கள், எதை இடம் மாற்றினார்கள், எதைக் காட்டவே இல்லை என்பது ஒவ்வொன்றாக விரியும்போது, அந்தப் பழைய பக்கங்களை நம்பியவருக்குத்தான் நெஞ்சில் அறை விழும். அரசு காட்டும் படத்தை நம்பலாமா என்று காலின்ஸ் கேட்கும் கேள்வி வாசகரையும் சேர்த்தே கேட்பது. பொய்யைப் பார்க்காதவருக்கு அது அம்பலமாகும்போது என்ன அதிர்ச்சி இருக்கும்? படங்களை மட்டும் அறிந்தவர் இழப்பது இதைத்தான்.

இரண்டாவது, கேட்னிஸ் உடையில் அணியும், மாக்கிங்ஜே பறவை உருவம் கொண்ட பொன்னிற ஊசி (பின்). படத்தில் அது கறுப்புச் சந்தையில் ஒரு கிழவி சும்மா கொடுத்தது. நூலில் அதைக் கொடுப்பவள் மேயரின் மகள் மேட்ஜ். அது அவளுடைய சித்தி மேசிலி டோனர் வைத்திருந்தது, மேசிலி, ஹேமிச்சின் மாவட்டத்திலிருந்து 50-ஆவது விளையாட்டுக்குப் போன நால்வரில் ஒருத்தி. மேட்ஜ் என்ற பாத்திரத்தையே படங்கள் நீக்கிவிட்டன. புதிய படத்தில் மெக்கென்னா கிரேஸ் மேசிலியாகத் திரையில் வந்து நிற்கும்போது, நூல் தெரிந்தவர் மூச்சை இழுத்துப் பிடிப்பார். படம் மட்டும் தெரிந்தவருக்கு அவள் இன்னொரு புதுமுகம்.

படங்கள் சிறப்பாகச் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பாடல்களுக்கு நூலில் வரிகள்தான் உண்டு, மெட்டு கிடையாது. ‘பேலட்’ படத்தில் ரேச்சல் செக்லர் பாடுவதைக் கேட்ட பிறகு கோவி குடும்பம் யார் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஸ்நோவின் மனத்துக்குள் ஓடும் கணக்குகள் நூலில்தான் இருக்கின்றன. அவை இல்லாமல் திரையில் அவன் நூலில் இருப்பதைவிட நல்லவனாகத் தெரிகிறான். அந்த இரக்கத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ‘சன்ரைஸ்’ பார்க்கப் போங்கள். 40 ஆண்டு கழித்து வரும் 58 வயது ஸ்நோவைப் புரிந்துகொள்ள அது உதவும்.

## எதுவும் இல்லாமல் நேராகப் போவது

நண்பர்களோடு ஒரு வெள்ளிக்கிழமை படம் என்ற அளவில் தாராளமாகப் போகலாம். 48 பிள்ளைகள், ஒரு களம், ஒருவன்தான் மீள முடியும் என்பது தானாகவே புரியும். கவலை ஒன்றுதான்: நாவலின் பின்னுரை திரையில் வந்தால், முத்தொகுதியை இனிமேல் படிக்க நினைத்திருப்பவருக்கு அதன் முடிவு தெரிந்துவிடும்.

படமே போதும், நூல் எதற்கு என்பவர்களுக்கு வேறொரு வரிசையின் கதையைச் சொல்ல வேண்டும். ‘டைவர்ஜென்ட்’ வரிசையின் கடைசி நாவலையும் இரண்டு படங்களாகப் பிரித்தார்கள். 2016-ல் முதல் பாதி வந்தது, இரண்டாம் பாதி வரவே இல்லை. படத்தை மட்டும் நம்பியவர்களுக்கு இன்றுவரை முடிவு கிடையாது. ‘சன்ரைஸ்’ ஒரே படத்தில் முடியும் கதை என்பதால் இங்கே அந்தப் பயம் இல்லை.

## நாங்கள் சொல்லும் வழி

2012-ல் வந்த முதல் படம் (142 நிமிடம்), அடுத்து ‘கேச்சிங் ஃபயர்’ நூல், அடுத்து ‘பேலட்’ படம். பிறகு திரையரங்கு. ‘சன்ரைஸ்’ நாவல் படத்துக்குப் பிறகு.

முதல் நூலுக்குப் பதில் படம் போதுமா என்றால், போதும். மேட்ஜ் இல்லாதது, பீட்டா கால் இழப்பதைக் காட்டாதது போன்ற இடைவெளிகள் உண்டு. இரண்டாம் நூலைத் திறந்ததும் பீட்டாவின் செயற்கைக் காலைப் பார்த்துக் குழம்பாமல் இருக்க இதைத் தெரிந்துவைத்தால் சரி. இரண்டாம் நூலுக்கு மட்டும் மாற்று இல்லை. மேலே சொன்ன இரண்டு வேர்களும் அதில்தான் இருக்கின்றன.

நாவலைப் பிறகு படித்தால் சுவை குறையாதா? குறைவது முகங்கள் விஷயத்தில் மட்டும். யார் சாவார்கள் என்று தெரிந்தபின் ஹேமிச்சின் குரலைக் கேட்பது வேறு விதமாக வலிக்கும். திரையில் ஒரு நொடியில் கடந்த பார்வைக்குப் பின்னால் அவன் என்ன நினைத்தான் என்பது நூலில் ஒரு பக்கம் இருக்கும்.

ஒலிநூல் கேட்பவர்களுக்கு: ‘சன்ரைஸ்’ நாவலை வாசித்திருப்பவர் ஜெஃபர்சன் வைட். முத்தொகுதிக்கு இரண்டு பதிப்பு உண்டு, கரோலின் மெக்கார்மிக் வாசித்த பழையது, டாட்டியானா மாஸ்லனி வாசித்த புதியது. மாதிரியை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயர்கள் காதில் மட்டும் விழுந்தால் யார் எந்த மாவட்டம் என்பது குழம்பும். ஒரு தாளில் குறித்துக்கொள்வது நல்லது.

## வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை கேட்டால் நூலை முதலில் கொடுங்கள். பிள்ளைகள் பிள்ளைகளைக் கொல்லும் கதை இது. நூலில் பயம் வந்தால் மூடிவைத்துவிட்டு உங்களிடம் வந்து பேச முடியும், இருட்டு அரங்கில் இரண்டரை மணி நேரம் அது முடியாது. அதுவும் ‘சன்ரைஸ்’ நாவலில் தொடங்க வேண்டாம், 2008-ன் முதல் நூலில் தொடங்கட்டும். அதை முடித்துவிட்டு அவர்களாகவே அடுத்தது கேட்டால் கொடுங்கள்.

## நாட்காட்டி

அக்டோபர் 4 ஞாயிறு முதல் படம். ‘கேச்சிங் ஃபயர்’ நூலிலும் 27 அத்தியாயங்கள்தான். மறுநாள் திங்கட்கிழமை தொடங்கி நாளுக்கு ஒன்று படித்தால் அக்டோபர் 31 சனிக்கிழமையோடு முடியும். நவம்பர் 1 ஞாயிறு ‘பேலட்’ படம். அடுத்த ஞாயிறு தீபாவளி, அந்த வாரத்தைப் பின்தங்கியவர்கள் விட்டதைப் பிடிக்க வைத்துக்கொள்ளலாம். நவம்பர் 19 வியாழன் இரவு ‘தி ரேவன்’ கவிதையை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், அதன் ஓசை காதில் இருக்க வேண்டும். ‘சன்ரைஸ்’ நாவலை முன்பே வாங்கி வீட்டில் வைத்திருங்கள். படம் பார்த்துவிட்டுத் திரும்பும் இரவில் முதல் அத்தியாயத்தைத் திறக்காமல் தூக்கம் வராது.